நம் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு நூலகத்துக்குப் புத்தகங்கள் வாங்கும் வேலை தொடங்கிவிட்டது. எந்தப் புத்தகம் வாங்குகிறோம், எதைத் தவிர்க்கிறோம், யார் முடிவு செய்கிறார்கள் என்று உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நூலகரும் ஆசிரியர்கள் சிலரும் பெரிய வகுப்பு மாணவர்கள் சிலரும் சேர்ந்த குழு ஒன்று பட்டியலைப் பார்க்கிறது. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நாங்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “இதை நம் பள்ளியில் எந்தப் பிள்ளை எடுத்துப் படிக்கும்?” என்பதுதான். விருது வாங்கியதா, பெரியவர்கள் புகழ்ந்தார்களா என்பதெல்லாம் அப்புறம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் வேண்டும் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் வேண்டும் என்கிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பட்டியல் தானாகவே தெளிவாகிவிடும்.

மீதிப் பாதிதான் கடினம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையிடம் யானையும் முயலும் பேசிக்கொள்ளும் குட்டிக் கதையைக் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று உடனே மூடிவைத்துவிடும். வயதுக்கேற்ற தடிமனான நாவலைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடும். பதின்மூன்று வயதின் கேள்விகளும் பரபரப்பும் உள்ளே இருக்க வேண்டும், வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும், அட்டை குழந்தைத்தனமாக இருக்கக் கூடாது. இப்படிப்பட்ட புத்தகங்கள் குறைவு. அவற்றைத் தேடுவதற்குத்தான் எங்கள் நேரத்தில் பெரும்பங்கு போகிறது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. நன்றாக வாசிக்கிற பிள்ளை எப்படியாவது தனக்கான புத்தகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தயங்கி நிற்கிற பிள்ளைக்கு நாம்தான் தேடித் தர வேண்டும். படக்கதைகளையும் காமிக்ஸையும் நிறைய வாங்குவது இதனால்தான். படமும் சொல்லும் சேர்ந்து வரும்போது கதையின் போக்கைப் பிடித்துக்கொள்வது எளிது. “காமிக்ஸ் படிப்பதெல்லாம் படிப்பா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில், ஆமாம், படிப்புதான்.

அறிவியல், புவியியல் புத்தகங்களில் அட்டையைப் பார்த்து ஏமாறக் கூடாது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் சின்ன எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்கிறோம். அட்டை பளபளப்பாக, புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே பார்த்தால் முதல் பதிப்பு பல ஆண்டுகளுக்கு முந்தையது, இப்போது வந்திருப்பது வெறும் மறு அச்சு என்று தெரியும். மறு அச்சில் ஒரு வரிகூட மாறியிருக்காது. திருத்திய பதிப்பு என்றால்தான் உள்ளடக்கத்தைப் புதுப்பித்திருப்பார்கள். கோள்கள் ஒன்பது என்று ஒரு புத்தகம் சொன்னால், சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோளாக வகைப்படுத்திய 2006-க்குப் பிறகு அதை யாரும் திருத்தவில்லை என்று அர்த்தம். நிலப்படத்தில் தெற்கு சூடான் தனி நாடாக இல்லையென்றால் அது 2011-க்கு முந்தையது. தனிம அட்டவணையில் 113, 115, 117, 118 ஆகிய இடங்களில் 2016-இல் சூட்டிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் எங்கள் வழக்கம். ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் புத்தகங்களையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறோம். தகவல் காலாவதியான புத்தகங்களை எடுத்துவிடுகிறோம். நல்ல நிலையில் இருக்கிற புத்தகத்தை ஏன் கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தவறான தகவலைப் பிள்ளை நம்பிப் படிப்பதைவிட அந்த இடம் காலியாக இருப்பது மேல்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்விட்டு வாசிக்கிறோம். நாக்கு தடுக்கினால் வாங்குவதில்லை. கட்டமைப்பையும் பார்க்கிறோம்: பக்கங்களைத் தைத்திருந்தால் பல கைகள் மாறினாலும் தாங்கும், பசை மட்டும் போட்டிருந்தால் சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

பரீட்சைக் கைடுகளை நூலகப் பணத்தில் வாங்குவதில்லை. இதில் சிலருக்கு ஏமாற்றம் இருக்கலாம். ஆனால் பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்துப் படிப்பதற்கென்று பள்ளியில் இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

புத்தகம் தவிர, ஒலிப்புத்தகங்கள், பெரிய எழுத்துப் பதிப்புகள், பிரெயில் நூல்கள், உலக உருண்டை, நிலப்படங்கள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. பார்வைக் குறைபாடோ வாசிப்புச் சிரமமோ உள்ள பிள்ளையும் மற்றவர்கள் படிக்கும் அதே கதையை அதே வாரத்தில் அனுபவிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இணையவழித் தளங்களுக்குச் சந்தா கட்டும் முன், அவை பிள்ளைகளைப் பற்றி என்னென்ன விவரம் சேகரிக்கின்றன, விளம்பரம் காட்டுகின்றனவா, சந்தா முடிந்தபின் கையில் ஏதாவது மிஞ்சுமா என்று விசாரித்துக்கொள்கிறோம்.

ஒரு புத்தகம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உங்கள் பிள்ளை அதைப் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. நூலகரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூலகத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்றால் அது எல்லாப் பிள்ளைகளையும் பாதிக்கிற விஷயம். ஆகவே முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு, எந்தப் பகுதி, என்ன காரணம் என்று எழுதித் தாருங்கள். குழுவும் முழுதாகப் படித்து, உங்களையும் அழைத்துப் பேசும். அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். பள்ளி நூலகத்தின் நூல்கள் கருத்தியல், அரசியல், மதத் தணிக்கைக்கோ வணிக அழுத்தத்துக்கோ உட்படக் கூடாது என்று 1999-இல் யுனெஸ்கோ ஏற்ற பள்ளி நூலக அறிக்கை சொல்கிறது. நானும் அதில் உறுதியாக இருக்கிறேன்.

வீட்டில் இருக்கும் புத்தகங்களை நன்கொடையாகத் தர விரும்புகிறவர்களுக்கு நன்றி. வாங்கும் புத்தகங்களுக்கு உள்ள அதே அளவுகோல்தான் அவற்றுக்கும். எங்களுக்குப் பொருந்தாதவற்றை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம், தவறாக நினைக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் இணைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளை கடைசியாக விரும்பிப் படித்த புத்தகம் எது, பாதியில் வைத்துவிட்டது எது, வைத்ததற்குக் காரணம் என்ன என்று பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். எங்களுக்கு இரண்டாவது பதில்தான் அதிகம் உதவும். மாதக் கடைசிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அதைப் பார்த்த பிறகே பட்டியலை முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்