தோட்டக்காரர் என்று நினைத்தாள்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதக் கை வரவில்லை. தம்பி போய்விட்டான் என்று படித்தபோது, கால்சட்டைப் பை நிறைய ரப்பர் கொட்டையை அள்ளிப் போட்டுக்கொண்டு நம் பின்னாலேயே ஓடி வருவானே, அந்தப் பையன்தான் கண்ணுக்குள் வந்து நின்றான்.

"உன் வீட்டுக்காரரையும் இழந்த பிறகு நீ எப்படி ஆலயத்துக்குப் போகிறாய்?" என்று கேட்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் நான் போகவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், எனக்குத்தான் வயிறு எரிந்தது. காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பி கலக்கிவிட்டு, ஒன்றைக் கொட்டுவேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னை வேதபாடத்துக்குக் கூட்டிப்போனார். ரப்பர் மரத்தில் பால்வெட்டியே விரல் மடங்கிப்போனவர், பெற்ற பிள்ளைகள் இருவரை அடக்கம் பண்ணியவர். போதகர் அவரை ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார். அவர் 88-ஐ எடுத்தார். அழுகையில் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் போய் முடியும். இது அப்படி இல்லை. இரவும் பகலும் உம்மைக் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பித்து, ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, நண்பனையும் தோழனையும் தூரமாக்கிவிட்டீர் என்பதோடு நின்றுவிடுகிறது. பெரியம்மாவும் அதோடு புத்தகத்தை மூடிவிட்டார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. இப்படிக் கேட்கவும் வேதத்தில் இடம் இருக்கிறது! கோபப்படுகிறவனும் அவரைப் பார்த்துத்தானே கோபப்படுகிறான்? சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினாரே. வீட்டுக்கு வந்து நானும் சண்டை போட்டேன். அதுதான் என் முதல் ஜெபம்.

ஈஸ்டர் அன்று விடியுமுன் கல்லறையில் ஆராதனை. பனி இறங்கியிருந்தது, செம்பனைக்குப் பின்னால் இன்னும் இருட்டு. யோவான் 20-ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். இருட்டோடு கல்லறைக்கு வந்த மகதலேனா மரியாள், எதிரே நின்ற இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துவிடுகிறாள். எத்தனை தடவை கேட்டிருப்பேன், அன்றுதான் அந்தச் சொல் உறைத்தது. தோட்டக்காரர்! நம் அப்பா மாதிரி, இருட்டிலேயே விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்து வேலைக்கு இறங்கும் ஓர் ஆள். அழுத கண்ணுக்கு அவரைத் தெரியவில்லை. "மரியாளே" என்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரரையும் அவர் ஒருநாள் அப்படிப் பேர் சொல்லி எழுப்புவார் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடுதான் போகிறேன். துக்கம் போய்விட்டதா என்றால், இல்லை. கோப்பி மட்டும் இப்போது ஒன்றுதான் கலக்குகிறேன்.

உன்னை என் ஆலயத்துக்கு இழுக்க இதை எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

பள்ளி விடுமுறைக்கு வா. நம் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, ஆற்றோரக் கொய்யா மரம் மட்டும் காய்க்கிறது. தம்பியின் படம் இருந்தால் எடுத்து வா. அவனைப் பற்றி விடிய விடியப் பேசலாம்.

அன்புடன்,
உன் தோழி