விரல் மடங்கவில்லை

மாப்ளே,

எட்டு மாதமாகக் கடிதம் போடாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். எழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே. வலது கையில் கடைசி இரண்டு விரலும் நாலு நாளாக மடங்கவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பத்தாவது பரீட்சை, என்னோடு பேசுவதில்லை.

போன சனிக்கிழமை ராத்திரி வெள்ளியங்கிரி ஏறினேன். ஆமாம், நீ இல்லாமல்தான். இறங்கும்போது கைதட்டிச் சுனைக்குக் கீழே ஒருத்தர் சறுக்கி விழுந்து கிடந்தார். ஈரோட்டுக்காரர், 80 கிலோவுக்குக் குறையாது. பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. டோலிக்காரர்கள் ஏறி வர நேரமாகும் என்றார்கள். உடனே எனக்குள் இருந்த என்.சி.சி. முழித்துக்கொண்டது. மலையேறுகிற மூங்கில் தடி நாலை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி, போர்வையைச் சுற்றி மடித்து, நம் வாத்தியார் சொல்லிக்கொடுத்த அதே ஸ்ட்ரெச்சர்! பெருமை தாங்கவில்லை. தூக்குகிறவரைக்கும்.

நாலு பேர், ஆளுக்கு 20 கிலோ, ஒரு சிப்பம் அரிசிகூட இல்லை என்று நினைத்தேன். அரிசியைத் தோளில் போடலாம். இது விரலில் தொங்குகிறது. முதுகும் முட்டியும் அப்புறம்தான். முதலில் போவது பிடி. எழுபது எண்பது அடி வைப்பதற்குள் விரல் தானாகத் திறக்கிறது, மூடு என்றால் கேட்பதில்லை. இறக்கத்தில் தலை மேலேயும் கால் கீழேயுமாகக் கொண்டுபோவதால் பாரமெல்லாம் முன்னால் இருக்கிற இரண்டு பேர் மேல் சரிகிறது. பின்னால் வருகிறவனுக்கோ படியே தெரியாது. நான் முன்னால், இடப்பக்கம். படுத்திருந்தவர் எங்களை விசாரிக்கிறார்: "கை வலிக்குதுங்களா சாமி? இறக்கி வெச்சுக்கங்க."

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். மூன்றாவது தடவை தூக்கியபோது விட்டுவிட்டேன். பக்கத்தில் வந்த காலேஜ் பையன் பாய்ந்து தாங்கினான். ஆனாலும் அவர் கால் கல்லில் இடித்துவிட்டது. அலறினார். மூச்சு வந்ததும் என்னைப் பார்த்து, "பரவால்லீங்க" என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

பாம்பாட்டிச் சுனையில் டோலிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் நடையைப் பார்த்து ஒருத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரும் ஒண்ணா கால் வெக்காதீங்க சாமி, ஊஞ்சலாட்டம் ஆடுதில்ல!" வாத்தியாரும் இதைத்தானே கத்தினார்? நாம்தான் பரேடு நடை நடந்து ரமணியை... சரி, விடு. அவர்கள் கழியைத் தோளில் வாங்கிக்கொண்டு, நிற்காமலே தோள் மாற்றி, எங்களுக்கு முன்னால் மறைந்துபோனார்கள். செருப்புகூட இல்லை.

தூக்கம் வராத ராத்திரியில் காந்தி எழுதியதைத் தேடி எடுத்தேன். போயர் யுத்தத்தில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், 1,100 இந்தியர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்கினார்களே, அது. முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தக் கூலிகள், அதில் நம் ஜனங்களும் உண்டு. காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தோம் என்கிறார். மைல், மாப்ளே. பள்ளியில் படித்தபோது கண்ணில் படாமல் தாண்டிப்போன வரி. அவர்களில் எவன் கையாவது நழுவியிருக்காதா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஈரோட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்தது, பிளேட் வைத்திருக்கிறார்கள். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை.

சித்ரா பௌர்ணமிக்குச் சேர்ந்து ஏறலாம் என்றாயே. போன தடவை 94 கிலோ என்றாய். இப்போது எவ்வளவு? பொய் சொல்லாமல் எழுது.

உன்,
மாப்ளே