முகத்துக்கும் உனக்கும் உள்ள தூரம்

திருவண்ணாமலை

அன்பு மகளுக்கு,

பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் நீ எடுத்தனுப்பிய பூக்காரர்களின் படங்களை நானும் அப்பாவும் பார்த்தோம். வண்ணங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் ஒருவருக்குக்கூட நீ அங்கே இருப்பது தெரியவில்லை. மாடியில் நின்றுகொண்டு, தொலைவில் இருப்பதை அருகே இழுத்துக் காட்டும் 70-300 லென்ஸால் கீழே இருப்பவர்களை எட்டிப் பிடித்திருக்கிறாய். மனிதர்களைப் படமெடுக்கப் பழக வேண்டும் என்று நீ கேட்டிருப்பதால், அந்த மாடியிலிருந்து இறங்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படத்தில் முகம் எப்படி அமையும் என்பதை முடிவு செய்வது லென்ஸ் அன்று, நீ நிற்கும் தூரம். கைக்கெட்டும் தொலைவில் செல்போனை நீட்டி எடுத்தால் மூக்கு பருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும்; 15 மீட்டருக்கு அப்பாலிருந்து எடுத்தாலோ மூக்கும் காதும் ஒரே பலகையில் ஒட்டியவை போல முகம் தட்டையாகிவிடும். இருவர் நின்று பேசிக்கொள்ளும் ஒன்றரை மீட்டர் தூரமே சரி. ஏனெனில் ஒருவருடைய முகத்தை நாம் அன்றாடம் பார்த்துப் பழகியிருப்பதும் ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான். உன் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியது என்பதால், 50 மி.மீ. லென்ஸ் அதில், பெரிய சென்சார் கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டுவதைப் போலச் சற்று நெருக்கமாகக் காட்டும். அங்கிருந்து தலையும் தோளும் சட்டத்துக்குள் நிறைவாக அமையும்.

அவ்வளவு அருகில் போய்விட்டுப் பேசாமல் நிற்க முடியாது. அங்கே தமிழ் பேசும் வியாபாரிகள் பலர் இருப்பதால் மொழியும் உனக்குத் தடையில்லை. முதலில் ஒரு முழம் பூ வாங்கு, பிறகு கேள். வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடு. சம்மதித்தவர் கேமராவைக் கண்டதும் விறைத்து உட்காருவார். அந்த விறைப்பையும் எடுத்து, கேமராவின் திரையில் அவருக்கே காட்டு. அவர் சிரித்துவிட்டு மறுபடி பூக்கட்டத் தொடங்கியபின் வரும் முகத்துக்காகத்தான் நீ காத்திருக்க வேண்டும். காசு கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. இங்கே கிரிவலப் பாதையில் அது எப்படி முடிகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்: கேமராவைக் கண்டவுடன் தாடியை நீவிக்கொள்ளும் சாமியார்களின் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இனி வெளிச்சம். கடைகளுக்கு மேலே கட்டியிருக்கும் நீலத் தார்ப்பாய் முகத்தின் ஒரு பக்கத்தில் நீலத்தைப் பூசும். மறுபக்கத்தில் பகல் வெளிச்சம் விழும்போது, கணினியில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெட்டுப்போகும். ஆகவே தார்ப்பாய் முடிகிற ஓரத்தில், வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரைத் தேடு. மடியில் மல்லிகைக் குவியல் இருந்தால் கேமரா அந்த வெண்மையைக் கண்டு ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, சற்று ஏற்று. பின்னால் இருண்ட கடை இருந்தால் நேர்மாறாக நடந்து, நல்ல கறுப்புத் தோல் சாம்பல் பூத்துவிடும், அப்போது குறை. எடுத்தபின் யாருடைய முகத்தையும் வெளுக்காதே. கல்யாண ஆல்பக்காரர்கள் அந்த வேலையைப் போதுமான அளவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

50 மி.மீ. லென்ஸ் ஒன்று கைக்கு வந்தால், பின்புலம் மங்க வேண்டும் என்பதற்காக எஃப் 1.8-இலேயே எடுக்கும் ஆசையும் உனக்கு வரும். எஃப் எண் லென்ஸின் திறப்பான அப்பெர்ச்சரைக் குறிக்கும்; எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஒன்றரை மீட்டரில் அந்த அப்பெர்ச்சர் தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் ஆழத்தை மட்டுமே. கண் கூர்மையாக இருக்கும்போதே காது கரைந்துவிடும். எஃப் 4 போதும். ஃபோகஸ் உனக்கு அருகிலுள்ள கண்ணில் இருக்கட்டும்.

பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸையே நம்பி வேலை செய்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், 1950 ஏப்ரலில் நம் ஊருக்கு வந்து, ரமணரை அவருடைய கடைசி நாட்களில் படமெடுத்தார் என்பது உனக்குத் தெரியும். நான் உன்னிடம் அதைவிட அழுத்தமாகச் சொல்ல விரும்புவது அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங்கின் படத்தைப் பற்றி. 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், குழந்தைகளுடன் இருந்த ஒரு தாயை அவர் படமெடுத்தார். அருகே போய்த்தான் எடுத்தார். ஆனால் பெயரைக் கேட்கவில்லை. உலகமெங்கும் பரவிய அந்தப் படத்தில் இருப்பவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. படத்தின் பிரதி ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவில்லை என்பது அந்த அம்மாளின் மனக்குறைகளில் ஒன்று. உனக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. கடை எங்கே இருக்கிறது என்பது தெரியும், 4×6 அளவில் ஒரு பிரதி எடுக்க அதிகம் செலவாகாது. பெயரைக் கேட்டுப் பின்புறத்தில் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய்க் கொடு.

புது லென்ஸுக்கு இப்போதே பணம் செலவழிக்காதே. உன்னிடம் இருக்கும் 18-55 லென்ஸை 50-இல் நிறுத்திக்கொண்டு ஒரு மாதம் பழகு. 50-இல் அதன் அப்பெர்ச்சர் எஃப் 5.6-ஐவிட அகலமாகத் திறக்காது என்பதால், வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.-வை 1600 வரை தயங்காமல் ஏற்றலாம். அதன்பிறகும் 50 மி.மீ. வேண்டும் என்று தோன்றினால், அப்பாவிடம் கேள். என்னைவிட அவர் சீக்கிரம் சம்மதிப்பார்.

அன்புடன்,
அம்மா