பேஸ்மென்ட்டில் உன் பெட்டி கிடைத்தது

எடிசன், நியூ ஜெர்ஸி
ஞாயிறு இரவு

அன்புள்ள கார்த்தி,

நானும் அம்மாவும் நலம். நீ போனை எடுக்காததால்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மெசேஜுக்குக் கட்டைவிரல் படம் வருகிறதே, அது போதும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

கிளீவ்லாந்தில் பனி ஆரம்பித்துவிட்டதாம். டயரை மாற்று. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

சரி, விஷயம் இதுதான். போன வாரம் பேஸ்மென்ட்டில் ஹீட்டர் பக்கம் தண்ணீர் கசிந்தது. சாமான்களை நகர்த்தும்போது உன் பேஸ்பால் கார்டு பெட்டி கையில் கிடைத்தது. நனையவில்லை. ஒன்பது ஒன்பதாக பிளாஸ்டிக் உறையில் நீ போட்டு வைத்தபடியே இருக்கிறது. முதல் தாளில் நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர்கள், அந்த மூன்று பேர்தான். பில் பல்சிஃபர், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன், பால் வில்சன். 'ஜெனரேஷன் கே.' கே என்றால் ஸ்ட்ரைக்அவுட், பந்து வீசியே ஆளை அவுட்டாக்குவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் உனக்கு ஒரு பாக்கெட் வாங்கி வருவேன். கிழித்ததும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, இதை விற்றுத்தான் காலேஜ் ஃபீஸ் கட்டப்போகிறேன் என்பாய். ஏழு வயதில் இஸ்ரிங்ஹவுசனின் 1995 கணக்கை ஒப்பிப்பாயே, 9 வெற்றி, 2 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், அதாவது ஈ.ஆர்.ஏ., 2.81. வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் உன்னை நிறுத்தி நான் அதைச் சொல்லச் சொல்வேன். அப்புறம் பதினாறாம் வாய்ப்பாடு. அப்புறம் திருக்குறள்.

பெட்டியை மேலே கொண்டுவந்ததிலிருந்து ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் இந்த மூன்று பேரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன். அணிகள் புதுப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1994-இல் நாட்டிலேயே முதல் ஆள் வில்சன். இஸ்ரிங்ஹவுசனை எடுத்தது 44-ஆவது சுற்றில். அந்தச் சுற்றில் எடுக்கப்பட்ட பையனை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? பல்சிஃபர் 20 வயதில், 1994-இல், மெட்ஸின் கீழ்நிலை அணியான பிங்ஹாம்டனுக்காக ஒரே சீசனில் 200 இன்னிங்ஸ் வீசியிருக்கிறான். 20 வயதுப் பையன் தோளும் முழங்கையும் எவ்வளவு தாங்கும்? வேகமாக வீசுகிறான், இன்னும் வீசட்டும் என்றுதான் எல்லாருக்கும் இருந்திருக்கிறது. 1996-இல் முழங்கையில் ஆபரேஷன். அந்த வருஷம் முழுக்கப் போயிற்று. மூன்று பேரும் சேர்ந்து மெட்ஸைத் தூக்கி நிறுத்தப்போகிறார்கள் என்று நியூயார்க்கே பேசியது. ஆனால் பெரிய லீகில் மூவரும் ஒரே நேரத்தில் வரிசையாகப் பந்து வீசவே இல்லை. ஒருவன் எழுந்தால் இன்னொருவன் படுத்துவிடுவான்.

பல்சிஃபர் திரும்பி வந்தபோது கை ஆறியிருந்தது, பந்து மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்ததை அவரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில், அந்த வயதில், ஒரு விளையாட்டு வீரர் அதைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும். சொன்னதால் அவரை யாரும் குறைவாக நினைக்கவில்லை. நான் நினைக்கவில்லை. நீ சரியாகத் தூங்குகிறாயா? யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு. என்னிடம்தான் என்றில்லை. அக்காவிடம் பேசினாலும் சரி, டாக்டரிடம் பேசினாலும் சரி.

அக்கா பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பெரியவன் லிட்டில் லீகில், பிள்ளைகள் பேஸ்பாலில், சேர்ந்திருக்கிறான், இடது கை. மாமா எப்போது வருவார், பந்து போடச் சொல்லித் தருவாரா என்று கேட்கிறான். இதைச் சொன்னால் உனக்குப் பாரமாகுமோ என்று யோசித்தேன். பாரமாக எடுத்துக்கொள்ளாதே.

1996-இல் மெட்ஸ் ஆட்டம் பார்க்க ஷே ஸ்டேடியத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எட்டு வயது. 7-ஆம் நம்பர் ரயிலில் ஜன்னல் பக்கம் முட்டி போட்டுக்கொண்டு வந்தாய். வில்சன் வீசிய நாள். அந்த வருஷம் அவனுக்கு 5 வெற்றி, 12 தோல்வி. அன்றைக்கும் அடி வாங்கினான். பந்தை மேனேஜர் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி நடந்தபோது ஸ்டேடியமே 'பூ' என்று கேலியாகக் கத்தியது. நானும் கத்தினேன் கார்த்தி. எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன். இந்த ஊருக்கு வந்து ஏழு வருஷமாகியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துத் தோளில் தட்டினார். நானும் இந்த ஊர்க்காரன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவருக்குக் கேட்கும்ப்பா" என்றாய். "கேட்கட்டும், சும்மாவா விளையாடுகிறான்" என்றேன். ரயிலில் நீ பேசவே இல்லை. தூக்கம் என்று நினைத்தேன்.

அந்தப் பையனுக்கு அப்போது 23 வயது. தோள் கிழிந்துகொண்டிருந்தது, அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை.

மார்ச் மாதம் நீ போன் செய்தாய். அந்த லேபை விட்டுவிடப்போகிறேன் என்று சொன்னாய். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாய். அதற்கு நான் என்ன கேட்டேன்? "இனி எல்லாரிடமும் நான் என்ன சொல்வது?" இதைத்தான் கேட்டேன். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நீ சரி என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து கட்டைவிரல்தான். அம்மாவுக்கு இது தெரியாது. நீ ஏன் பேசுவதில்லை என்று அவள் கேட்கும்போதெல்லாம் வேலை, வேலை என்கிறேன். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் யாராவது கேட்டால், அங்கேதான் இருக்கிறான், பெரிய ஆராய்ச்சி என்கிறேன். எட்டு மாதமாகப் பொய். போன வாரம் தூரத்தில் தெரிந்தவர்களைப் பார்த்துவிட்டுப் பிரசாதம்கூட வாங்காமல் காருக்கு வந்துவிட்டேன். நீ என்னை இப்படி ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாயே என்று வழியெல்லாம் உன்மேல் கோபம். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். உன்னைச் சின்ன வயதிலிருந்து ஊர் முன்னால் நிறுத்தி வைத்தவன் நான்தானே.

இஸ்ரிங்ஹவுசனுக்கு ஆபரேஷன்கள், காசநோய்கூட வந்தது. தொடக்கத்தில் வீசும் பிட்சராக அவனால் நிலைக்க முடியவில்லை. கடைசி இன்னிங்ஸ் மட்டும் வீசுகிறவனாக மாறி, 2011-இல் மறுபடி மெட்ஸ் சட்டையிலேயே 300-ஆவது சேவ் எடுத்தார், அதாவது முன்னிலையை விடாமல் ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். வில்சன் 2000-இல் டாம்பா பே அணியில் திரும்பி வந்து, 2004-இல் சின்சினாட்டிக்காக 11 ஆட்டம் ஜெயித்திருக்கிறார். இதை நீ எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறாய், நான் காதில் வாங்கவில்லை. நீயும் அப்படித் திரும்பி வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எழுதிய பிறகு படித்தால் அப்படித்தான் தெரிகிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனாவில் எழுதிவிட்டேன். நீ திரும்பி எங்கேயும் வர வேண்டாம். வீட்டுக்கு மட்டும் வா.

அம்மா பருப்புப் பொடி அரைத்திருக்கிறாள், ஊறுகாயும் சேர்த்துத் தனியாக அனுப்புகிறேன். கார்டு பெட்டியை அனுப்பவில்லை, வழியில் தொலைந்துவிடும். உன் அறையில் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அக்கா பையன் கேட்டான், மாமாவிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தரலாமா?

டயரை மாற்று. என் கையெழுத்து இப்போதெல்லாம் நடுங்குகிறது. எந்த வரியாவது புரியாவிட்டால் அக்காவைக் கேட்காதே, எனக்குப் போன் செய். ராத்திரி எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா