மிச்சத்தை அளந்து பசியைக் கணிக்க வேண்டாம்: கடல்நீர்க் கண்காணிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கரையோரக் கடல்நீரின் தரத்தைக் கண்காணிப்பவர்களுக்கும், அதற்கான அளவீட்டு அட்டவணையை வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒருமுறை நீர் எடுத்து, பாசிகளுக்குச் சத்தாகும் நைட்ரேட், பாஸ்பேட், பாசியின் அளவைக் காட்டும் குளோரோபில் (பச்சையம்) என மூன்று எண்களைக் குறித்துவிட்டு, நைட்ரேட் குறைவாக இருந்தால் பாசி பெருகாது என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நைட்ரேட் லிட்டருக்கு 0.1 மைக்ரோமோல் என்று காட்டினால் அங்கே சத்து வரவே இல்லை என்று பொருளாகாது. வந்ததையெல்லாம் நுண்பாசிகள் அவ்வப்போதே உறிஞ்சிக்கொண்டாலும் அதே எண்தான் வரும். இலையில் மிஞ்சியதைப் பார்த்துப் பந்தியில் பரிமாறிய அளவைச் சொல்ல முடியாதல்லவா? நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகள் வெளியேற்றும் அம்மோனியம் என்ற நைட்ரஜன் சத்து சில மணி நேரத்துக்குள் மறுபடி ஒரு செல்லுக்குள் போய்விடும். மாதம் ஒரு பாட்டிலில் அது சிக்காது.

வளர்ச்சி வேகம் செல்லுக்குள் இருக்கும் கையிருப்பைப் பொறுத்தது, வெளிநீரின் செறிவை நேரடியாகப் பொறுத்ததல்ல என்று மைக்கேல் ட்ரூப் 1968இல், வைட்டமின் பி12 தேவைப்படும் ஒரு நுண்பாசியை வைத்துக் காட்டினார். பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்கும்போது பல இனங்கள் அதைப் பாலிபாஸ்பேட்டாக, அதாவது பாஸ்பேட் சங்கிலிகளாக, செல்லுக்குள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. நீரில் தீர்ந்த பிறகும் அந்தச் சேமிப்பைக் கொண்டு செல்கள் மேலும் சில முறை பிளவுபடும். அதனால்தான் பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது சத்து அளவு அடிமட்டத்தில் இருக்கிறது.

குளோரோபில்லையும் அப்படியே நம்ப வேண்டாம். நைட்ரஜன் பற்றாக்குறையானால் செல் தன் பச்சையத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒளி மங்கினால் கூட்டிக்கொள்ளும். கார்பனுக்கும் குளோரோபில்லுக்கும் உள்ள எடை விகிதம் ஏறத்தாழ 20இலிருந்து 200 வரை மாறக்கூடியது. குளோரோபில் பாதியாகிவிட்டது என்றால் பாசி பாதியாகிவிட்டது என்று எழுதும் முன், நுண்ணோக்கியில் செல்களை எண்ணிப் பாருங்கள்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது அட்டவணையில் இல்லாத சிலிக்கேட். சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசிகளான டயட்டம்களுக்கு, ஓடு கட்டச் சிலிக்கான் வேண்டும்; அது சிலிக்கேட்டிலிருந்து வருகிறது. நைட்ரஜனும் சிலிக்கானும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற மோல் அளவில் செலவாகும். சிலிக்கான் அதற்குக் கீழே இறங்கினால் டயட்டம்கள் நின்றுபோகும். மிஞ்சிய நைட்ரஜன், சிலிக்கா ஓடு கட்டத் தேவையில்லாத, சாட்டை போன்ற இழையால் நீந்தும் கசையிழைப் பாசிகளுக்குப் போகும். நச்சு உண்டாக்கும் இனங்கள் பல அந்தக் கூட்டத்தில் உண்டு. டயட்டம்களிலேயே சூடோ-நிட்சியா இனங்கள் சில, சிலிக்கேட்டோ பாஸ்பேட்டோ பற்றாக்குறையாகும்போது டோமாயிக் அமிலம் என்ற நரம்பு நச்சை அதிகம் சுரக்கின்றன. கசையிழைப் பாசிகளில் ஒன்றான அலெக்சாண்ட்ரியத்தின் இனங்கள் பலவற்றில் நைட்ரஜன் மிகுந்து பாஸ்பரஸ் குறைந்தால் செல் ஒன்றில் உள்ள நச்சு கூடுகிறது. ஆகவே கழிவுநீரில் பாஸ்பரஸை மட்டும் குறைத்துவிட்டு நைட்ரஜனை அப்படியே விடுவது பாதி வேலைதான். கடல் ஆய்வாளர் ரெட்ஃபீல்டின் பெயரால் வழங்கும், மிதவை உயிர்களில் உள்ள கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்களின் 106:16:1 என்ற விகிதத்தை எல்லா இனத்துக்குமான வரம்பாக எழுதுவதும் தவறு. அது ஒரு சராசரி. இனத்துக்கு இனம், வளரும் வேகத்துக்கு ஏற்ப மாறும்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் பிழைகள் பல. சிலிக்கேட்டுக்குக் கண்ணாடி பாட்டிலும் கண்ணாடியிழை வடிதாளும் ஆகாது, இரண்டுமே சிலிக்காவைக் கசியவிடும். பிளாஸ்டிக் பாட்டில், பாலிகார்பனேட் வடிதாள் போதும். உறையவைத்தால் சிலிக்கேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து அளவு குறைவாகக் காட்டும், எனவே அதற்கான பாட்டிலை மட்டும் 4 டிகிரியில் வையுங்கள். நைட்ரேட், பாஸ்பேட் மாதிரிகளை மைனஸ் 20 டிகிரியில் உறையவைக்கலாம். நிரம்பிய பாட்டில் வெடிக்கும், மேலே இடம் விடுங்கள். பாட்டில்களைக் கழுவப் பாஸ்பேட் கலந்த சோப்பு கூடாது. அவற்றை 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் அலசுங்கள். வடிகட்டும்போது உறிஞ்சழுத்தம் கூடினால் செல்கள் உடைந்து உள்ளிருந்த சத்து நீரில் கலந்துவிடும். 150 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்ட வேண்டாம். அம்மோனியம் பார்க்கும் இடத்தில் புகைபிடிப்பதும், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமும் கூடவே கூடாது.

எது தட்டுப்பாடு என்பதைப் பாசியிடமே கேட்கலாம். நீரை 200 மைக்ரோமீட்டர் வலையில் வடித்துப் பெரிய மேய்விலங்குகளை நீக்குங்கள். ஒன்றும் சேர்க்காதது, நைட்ரேட் 16 மைக்ரோமோல், பாஸ்பேட் 1, சிலிக்கேட் 16, மூன்றும் சேர்ந்தது என ஐந்து வகை. வகைக்கு மூன்று பாட்டில். கடலின் வெப்பத்திலும் ஒளியிலும் 48 முதல் 72 மணி நேரம் வைத்து, தினமும் குளோரோபில்லும் செல் எண்ணிக்கையும் பாருங்கள். அதற்கு மேல் நீட்டினால் பாட்டில் சுவரில் வளரும் பாக்டீரியாக்களும் அடைபட்ட நிலையும் முடிவைக் கெடுக்கும். தனியாகச் சேர்த்தபோது அசையாமல், சேர்ந்தபோது மட்டும் பெருகினால், ஒன்றுக்கு மேற்பட்ட சத்துகள் ஒருசேரக் குறைவு.

ஆய்வகத்தில் வளர்த்த பாசியை வைத்து வரம்பு வகுக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். பாசி வளர்க்க வழக்கமாகப் பயன்படும் எஃப்/2 என்ற சத்துக் கரைசலில் நைட்ரேட் லிட்டருக்கு 882 மைக்ரோமோல், பாஸ்பேட் 36. கடலின் மேற்பரப்பில் காணாத அந்தத் தாராளத்தில் பழகிய செல்லைச் சோதிக்கும் முன், அதைக் குறைந்த சத்தில் பல தலைமுறைகள் வளர்த்துப் பழக்குங்கள். எவ்வளவு நாள் பழக்கினீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.