நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்கு விடியற்காலைச் சிற்றுந்து கேட்டு மனு

அனுப்புநர்
கேடிகள் (ஆட்டக்காரர்களின் கோல்ஃப் மட்டைப் பையைச் சுமப்பவர்கள்) மற்றும் புல்தரைப் பணியாளர்கள்,
கோல்ஃப் மைதானம், நந்தனம்,
சென்னை – 600 035.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: சைதாப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து நந்தனத்துக்கு விடியற்காலைச் சிற்றுந்து இயக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் ஆடுகிறவர்கள் காரில் வருகிறார்கள், அதற்கு எதற்குப் பேருந்து என்று தங்களுக்குத் தோன்றலாம். நாங்கள் கேட்பது அங்கே பை சுமக்கிறவர்களுக்கும் புல் வெட்டுகிறவர்களுக்கும்.

சென்னை வெயிலுக்குப் பயந்து ஆட்டம் விடிந்ததுமே தொடங்கிவிடும். அதற்குள் கிரீன்களில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரைகளில்) பனி துடைத்து, புல்லை ஒட்ட வெட்டி, குழிகளை இடம் மாற்றி வைத்திருக்க வேண்டும். இந்த வேலையில் பெண்களும் இருக்கிறார்கள். கேடிகளுக்கோ வந்து சேருகிற வரிசையில்தான் பை கிடைக்கும். முதல் ஆட்டத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு இன்னொரு பை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 18 குழி ஆட்டம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஏழெட்டு கிலோமீட்டர் நடை, நாலு மணி நேர வேலை. ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி கால் ஓய்ந்துபோனால் அந்த வேலையை எப்படிச் செய்வது?

எங்களில் பலர் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கம் குடியிருக்கிறோம். 2018இல் நந்தனம் மெட்ரோ நிலையம் திறந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டோம். ஆனால் மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் கிளம்புகிறது, தினமும் இருவேளை அந்தக் கட்டணமும் எங்களுக்குக் கட்டாது. மின்சார ரயில் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது, டிக்கெட்டும் மலிவு. அதில் வந்தால் சைதாப்பேட்டையில் இறங்கி, மீதி தூரத்தை இருட்டில் நடந்து கடக்கிறோம். ஷேர் ஆட்டோ அந்த நேரத்தில் கிடைப்பது அபூர்வம். கிண்டி ரேஸ் மைதானத்துக்குள் கோல்ஃப் வேலைக்குப் போனவர்களுக்கு இந்தச் சிரமம் இருந்ததில்லை. அங்கே ரயிலும் மெட்ரோவும் பக்கத்திலேயே.

ஆகவே காலை நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை, சைதாப்பேட்டை ரயில் நிலையத்துக்கும் நந்தனத்துக்கும் இடையே ஒரு சிற்றுந்து ஓட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ரயில் வரும் நேரத்தை ஒட்டி அது கிளம்ப வேண்டும். சனி, ஞாயிறு கண்டிப்பாக வேண்டும். ஊருக்கு விடுமுறை என்றால் மைதானத்தில் கூட்டம் அதிகம். அப்புறம், அது சாதாரணக் கட்டணப் பேருந்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் புல்தரையில் வேலை செய்யும் பெண்கள் விடியல் பயணத் திட்டத்தில் கட்டணமில்லாமல் வர முடியும். அவர்கள் கூலிக்கு இது பெரிய தொகை.

அண்ணா சாலையில் தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை இடையே 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலைப் பணி 2024இல் தொடங்கப்பட்டது. அந்தச் சாலையைக் கடக்க, நந்தனம் பக்கம் விளக்கு வெளிச்சத்தோடு ஓர் இடம் ஒதுக்கச் சம்பந்தப்பட்ட துறையிடம் தாங்களே எடுத்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

முதலில் ஒரு மாதம் சோதனை ஓட்டமாக விட்டுப் பார்த்தாலும் சரி. நேரத்தையும் நிறுத்தங்களையும் முடிவு செய்யும்போது எங்களில் சிலரை அழைத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேடிகள், புல்தரைப் பணியாளர்கள்

இடம்: சென்னை
இணைப்பு: பணியாளர்களின் கையொப்பங்கள்