கல் கெட்டுப் போகவில்லை

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ அனுப்பிய படத்தை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரே ஓர் இரவு பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் கிடந்ததற்குத் தோசைக்கல் செங்கல் நிறமாகிவிட்டது, அதைப் போட்டுவிட்டு ஒட்டாத தவா ஒன்று வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போட்டுவிடாதே. துரு மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. காசிமேட்டு உப்புக்காற்று வீசும் நம் வீட்டில், ஈரத்தோடு வைத்த கல் விடிவதற்குள் அப்படித்தான் ஆகும். உன் பாட்டி அதற்கு ஒரு நாளும் கலங்கியதில்லை, செங்கல் தூளும் தேங்காய் நாருமாகக் குழாயடியில் உட்கார்ந்துவிடுவார்.

நீ இரும்பு நாரால் துரு முழுவதும் போகத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து, ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவிடு. பிறகு நான்கு சொட்டு நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ விட்டு, முன்புறம், பின்புறம், கைப்பிடி என எல்லா இடத்திலும் தடவி, காய்ந்த துணியால் பளபளப்பு அடங்கும்வரை துடைத்துவிடு. பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். எண்ணெய் கூடினால் கல் பழகுமென்று தாராளமாக விடுகிறார்கள், அது வெல்லப்பாகு போலப் பிசுபிசுத்து நிற்கிறது. அதன்பின் உன் ஓவனில் 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்து, அதற்குள்ளேயே ஆறவிடு; இதை மூன்று முறை செய். அந்தச் சூட்டில் எண்ணெய் எண்ணெயாக இருக்காது. இறுகி, இரும்பைப் பற்றிக்கொண்டு, கரிய தோலாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் இறுகாது, அதனால் இதற்கு வேண்டாம். மூன்று நாள் கஞ்சித்தண்ணீரில் ஊறப்போடச் சொல்லி அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறாள்; அது கடையிலிருந்து வந்த புதுக்கல்லுக்குச் சரி, துருப்பிடித்த கல்லை மறுபடியும் தண்ணீரில் போடுவானேன்?

திருவொற்றியூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகள் உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றியவன் நான். ஆனாலும் நம் வீட்டுப் பழைய கல்லை உடைத்ததும் நான்தான். நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், புகைந்துகொண்டிருந்த கல்லைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டேன். சட்டென்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து நடுவரை விரிசல். உடைந்த வாயைத் திருப்பிப் பார்த்தால், பட்டறையில் தினமும் பார்க்கிற அதே சாம்பல் நிறக் குருணை. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்கு போலக் கரி கலந்திருக்கும். அது பென்சில் கரியைப் போலவே மெல்லிய செதில்களாக உள்ளே பரவிக் கிடப்பதால், விரிசல் அந்த வழியே ஓடிவிடும். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு வாரம் இட்லியாகவே வந்தது. ஆகவே சூட்டோடு கழுவாதே. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் வெந்நீரில் கழுவு. சோப்பு படவே கூடாது என்பார் பாட்டி; காரம் மிகுந்த அந்தக் காலத்துச் சோப்புக்கு அது பொருந்தும், இப்போதைய சோப்புத் திரவம் ஒரு சொட்டு பட்டால் ஒன்றும் ஆகாது.

உன் மின்னடுப்பில் எடுத்த எடுப்பிலேயே முழுச்சூடு வைக்காதே. அலுமினியத்தைப் போல இரும்பு சூட்டை விரைவாகப் பரப்பாது; நடு கருகும், ஓரம் வேகாது. சிறு சூட்டில் பத்து நிமிடம் விட்டு, தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடும்போது சூட்டைச் சற்றுக் குறைத்து, எண்ணெயில் தோய்த்த பாதி வெங்காயத்தால் ஒருமுறை தேய்த்துவிட்டு மாவை ஊற்று. மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் மிகவும் காய்ந்திருக்கிறது என்று பொருள்.

புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் அந்த இரும்பில் வேண்டாம்; புளிப்பு அந்தத் தோலை அரித்து, குழம்பும் இரும்பு வாடை அடிக்கும். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள். வஞ்சிரம் வறுக்கவும் தனிக்கல்தான், இல்லையென்றால் மறுநாள் தோசையில் மீன் மணக்கும். உனக்கு அது பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பு. முதல் தோசை எப்படியும் பிய்ந்துதான் வரும், மூன்றாவதை அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா